இங்கிலாந்தில் பிஜிசிஇ: விண்ணப்பத்துக்கு முன் ஒரு வகுப்பறையில் போய் உட்காருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. கணிதம் படித்தவர். சில ஆண்டுகளாக இங்கிலாந்தில் இருக்கிறார், ஐஎல்ஆர் எனப்படும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்துவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறார். செகண்டரி பள்ளியில் கணித ஆசிரியராக வேண்டும் என்பது ஆசை. பிஜிசிஇ என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது, இந்தியப் பட்டத்தை ஏற்பார்களா, விண்ணப்பத்தில் நம்மைப் பற்றி எழுத வேண்டிய பர்சனல் ஸ்டேட்மென்டில் என்ன எழுதுவது, படிக்கும் வருடத்தில் வீட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பது?

நான் இங்கே செகண்டரி பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மென்டராக இருக்கிறேன், நேர்காணல்களிலும் உட்காருகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆசிரியராக உங்களுக்குத் தேவைப்படுவது கியூடிஎஸ் எனப்படும் ஆசிரியர் தகுதி. பிஜிசிஇ என்பது அதோடு சேர்ந்து வரும் கல்விச் சான்றிதழ். கியூடிஎஸ் மட்டும் தரும் படிப்புகளும் உண்டு, இரண்டையும் தருபவையும் உண்டு. பிஜிசிஇ-யோடு பெரும்பாலும் 60 மாஸ்டர்ஸ் கிரெடிட் கிடைக்கும். பின்னால் எம்.ஏ. முடிக்க அது உதவும், வேறு நாட்டுக்குப் போனாலும் பிஜிசிஇ என்ற பெயரை எளிதில் புரிந்துகொள்வார்கள். அதனால் இரண்டும் சேர்ந்த படிப்பையே தேர்ந்தெடுங்கள்.

இதைப் படிக்கிற சிலர் இந்தியாவில் பி.எட். முடித்து, பள்ளியில் வேலையும் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். உங்களுக்குப் பிஜிசிஇ தேவைப்படாமலே போகலாம். 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் தகுதி பெற்ற, அனுபவமுள்ள கணித, அறிவியல், மொழி ஆசிரியர்கள் நேரடியாகக் கியூடிஎஸ்-க்கு விண்ணப்பிக்கும் வழி திறந்திருக்கிறது. அரசாங்கத் தளத்தில் தகுதியைச் சரிபார்க்கும் பக்கம் உண்டு, முதலில் அதைப் பாருங்கள். தேவையில்லாமல் ஒரு வருடத்தையும் ஒன்பதாயிரம் பவுண்டுக்கு மேலும் செலவழிக்க வேண்டாம். கேள்வி கேட்டவருக்குப் பி.எட். இல்லை என்பதால் அவருக்கு வழி பிஜிசிஇதான்.

நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் படிப்பின் பெயர் பிஜிடிஇ, விண்ணப்பம் யூகாஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகப் போகும், தகுதி விதிகளும் வேறு. வேல்ஸும் யூகாஸ்தான். முன்பு இங்கிலாந்துக்கும் யூகாஸ் இருந்தது, இப்போது கல்வித் துறையின் சொந்தத் தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்பிப் போய் வருகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, காகித வேலை. பட்டம் வேண்டும். ஆங்கிலத்திலும் கணிதத்திலும், இங்கே 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வான ஜிசிஎஸ்இ-யின் கிரேடு 4-க்குச் சமமான தகுதி வேண்டும். பிரைமரி என்றால் அறிவியலும் சேரும். இந்தியப் பட்டத்துக்கு யூகே எனிக் என்ற அமைப்பிடம் ஒப்பீட்டுச் சான்று வாங்கச் சொல்வார்கள். வாங்கும்போதே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களையும் சேர்த்து மதிப்பிடக் கேளுங்கள், ஜிசிஎஸ்இ கேள்விக்கு அதுதான் பதில். ஆங்கிலத்துக்கு மட்டும் தனியாக ஒரு சமநிலைத் தேர்வு எழுதச் சொல்லும் பயிற்சி நிறுவனங்களும் உண்டு. இதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி, அதனால் விண்ணப்பிக்கும் முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயரில் வரும். மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயராக, திருமணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குச் சொல்லாமலே புரியும். இங்கே ஆவணம் சரிபார்க்கிறவருக்கு அவை மூன்று பெயர்கள். திருமணச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், தேவைப்பட்டால் ஒரு பிரமாணப் பத்திரம், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒட்டுமொத்த மதிப்பெண் பட்டியல் இன்னும் வாங்கவில்லை என்றால் ஊரில் இருக்கும் யாரிடமாவது இன்றே சொல்லிவிடுங்கள்.

கல்வித் துறையின் கெட் இன்டு டீச்சிங் சேவையில் இலவசமாக ஓர் ஆலோசகரைத் தருவார்கள். முன்பு ஆசிரியர்களாக இருந்தவர்கள். தொலைபேசியில் பேசலாம், பர்சனல் ஸ்டேட்மென்டைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள். இதைப் பயன்படுத்தாமல் காசு கொடுத்து ஏஜென்டிடம் போக எந்தக் காரணமும் இல்லை.

இனி என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதும் முன், இங்குள்ள ஒரு செகண்டரி பள்ளியின் கணித வகுப்பில் போய் உட்காருங்கள். ஒரு நாள் போதாது, இரண்டு மூன்று நாளாவது வேண்டும். பள்ளி அனுபவம் கட்டாயம் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் வகுப்பறையைப் பார்த்துவிட்டு எழுதியவருக்கும் பார்க்காமல் எழுதியவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். அரசாங்கத் தளத்தில் பள்ளி அனுபவத்துக்குப் பதிவு செய்யும் சேவை இருக்கிறது. இல்லாவிட்டால் அருகிலுள்ள பள்ளிகளுக்கு நீங்களே எழுதலாம். உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கேட்பது எளிது, ஆனால் அது பிரைமரி என்றால் அதோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் கற்பிக்கப் போவது 11 முதல் 16 வயதுக்காரர்களுக்கு, சில படிப்புகளில் 18 வயது வரை.

போய் உட்கார்ந்தால் எதைக் கவனிப்பது? ஆசிரியர் எவ்வளவு அழகாக விளக்குகிறார் என்று பார்ப்பதுதான் எல்லாருக்கும் வழக்கம். பிள்ளைகளைப் பாருங்கள். இயர் 8 (12-13 வயது) வகுப்பில் ஒரு மாணவி ½ + ⅓ = ⅖ என்று எழுதுகிறாள். மேலே உள்ளதைக் கூட்டினாள், கீழே உள்ளதைக் கூட்டினாள். ஆசிரியர் உடனே "தப்பு, எல்சிஎம் எடு" என்று சொல்லவில்லை. "இந்த ⅖, பாதியைவிடப் பெரிதா, சின்னதா?" என்று கேட்கிறார். அவள் யோசிக்கிறாள். 0.4, அதாவது பாதியைவிடச் சின்னது. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறைந்துபோனது எப்படி? தன் விடை சரியில்லை என்பதை அவளே கண்டுபிடிக்கிறாள். அதற்குப் பிறகு சொல்லப்படும் பொதுப் பகுதி அவளுக்குத் தேவையான ஒன்றாகிவிடுகிறது. நாம் பலர் படித்த முறையில் எல்சிஎம் ஒரு சடங்காக வந்தது, போட்டோம், விடை வந்தது. இங்கே கணித வகுப்பில் நடப்பதைப் புரிந்துகொள்ள இப்படி ஒரே ஒரு நிமிடத்தை உன்னிப்பாகப் பார்த்தாலே போதும். அன்று மாலையே அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: பிள்ளை எழுதியது, ஆசிரியர் கேட்டது, அடுத்து நடந்தது.

பர்சனல் ஸ்டேட்மென்டுக்கு 1,000 வார்த்தை வரை இடம் உண்டு. அதை நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. எழுதப்போவது ஆங்கிலத்தில்தான், கருத்துக்காகத் தமிழில் சொல்கிறேன். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: "சிறு வயதிலிருந்தே ஆசிரியர் தொழில் மீது எனக்கு மிகுந்த ஆர்வம். கணிதம் என் உயிர். அடுத்த தலைமுறையை உருவாக்கும் புனிதப் பணியில் என்னை அர்ப்பணிக்க விரும்புகிறேன்." இதை எழுதியவர் மனதார எழுதியிருப்பார். ஆனால் படிக்கிறவருக்கு இதிலிருந்து அவரைப் பற்றி எதுவுமே தெரியாது. இதே வரிகளை யார் வேண்டுமானாலும் எழுதலாம், கணினியும் எழுதும்.

இப்போது இன்னொன்று: "சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் எடுத்தபோது பலர் குழம்பினார்கள். அடுத்த வாரம் இரண்டை மட்டும் எடுத்து, கேட்டுப் பிரித்தறியும் விளையாட்டாக வைத்தேன், மூன்றாவதைத் தள்ளிப் போட்டேன். அப்போது எழுத்தும் பிழையில்லாமல் வந்தது. பின்னர் ஒரு செகண்டரி பள்ளியில் பின்னக் கூட்டல் வகுப்பைப் பார்த்தபோது, ஆசிரியர் விடையைத் திருத்தாமல் மாணவியையே அளவை ஒப்பிட வைத்தார். பிள்ளை எங்கே குழம்புகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இரண்டு இடத்திலும் முதல் வேலையாக இருந்தது." இதை எழுதியவரை நேர்காணலுக்குக் கூப்பிடத் தோன்றும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, தான் என்ன மாற்றினார் என்று சொல்கிறார். இதற்கு அலங்காரமான ஆங்கிலம் தேவையில்லை.

நம்மவர்கள் தமிழ்ப் பள்ளி அனுபவத்தை ஒற்றை வரியில் போட்டுவிட்டுப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. சம்பளமில்லாத வேலை என்பதால் அது கணக்கில் வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே அறையில், வார விடுமுறையில், விருப்பமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்க, அவர்களுக்குப் பாடம் எடுப்பது சாதாரணக் காரியமா? அதைக் கட்டாயம் எழுதுங்கள். ட்யூஷன் எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்ததை மட்டும் நீளமாக எழுத வேண்டாம், அதை எல்லாரும் எழுதுகிறார்கள்.

ஏன் கணிதம், உங்கள் பட்டப்படிப்பில் எந்தப் பகுதி பள்ளிக் கணிதத்தோடு தொடர்புடையது என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். அதற்கு ஜிசிஎஸ்இ கணிதத் தேர்வின் பழைய வினாத்தாள்களை எடுத்துப் போடுங்கள். ஏகியூஏ, எடெக்செல், ஓசிஆர் என்ற மூன்று தேர்வு வாரியங்களின் தாள்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். எளிய நிலையான ஃபவுண்டேஷன் ஒன்று, கடின நிலையான ஹையர் ஒன்று போட்டுப் பாருங்கள். கணக்கு உங்களுக்குக் கடினமாக இராது, சொற்கள்தான் புதிதாக இருக்கும். நாம் ஸ்லோப் என்பதை இங்கே கிரேடியன்ட் என்பார்கள். சயின்டிஃபிக் நொட்டேஷன் இங்கே ஸ்டாண்டர்டு ஃபார்ம். போட்மாஸ் பல பள்ளிகளில் பிட்மாஸ். பட்டம் வாங்கி நாளாகிவிட்டது என்றால், நிறுவனம் உங்களுக்கு இடம் கொடுக்கும்போது எஸ்கேஇ என்ற பாட அறிவுப் படிப்பை ஒரு நிபந்தனையாக வைக்கலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணிதத்துக்கு அந்தப் படிப்பை அரசாங்கச் செலவில், வீட்டிலிருந்தே இணையத்தில் முடிக்கலாம்.

எங்கே விண்ணப்பிப்பது? ஒரே நேரத்தில் நான்கு விண்ணப்பங்கள் வரை நிலுவையில் வைத்திருக்கலாம். பல்கலைக்கழகங்களும் உண்டு, ஸ்கிட் எனப்படும் பள்ளிக் கூட்டமைப்புகளும் உண்டு. தரத்தில் பல்கலைக்கழகம்தான் உசத்தி என்று நம் ஊர் வழக்கப்படி முடிவு செய்துவிடாதீர்கள். எதில் சேர்ந்தாலும் வருடத்தின் பெரும்பகுதி பள்ளியில்தான் கழியும், குறைந்தது இரண்டு பள்ளிகளில் பயிற்சி பெற வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் உங்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது தூரத்தை. பயிற்சிப் பள்ளி காலை எட்டு மணிக்குக் கூப்பிடும், உங்கள் பிள்ளைகளின் பள்ளி எட்டே முக்காலுக்குத்தான் கதவைத் திறக்கும். "உங்கள் பயிற்சிப் பள்ளிகள் எந்தெந்தப் பகுதியில் இருக்கின்றன? பயண தூரத்துக்கு வரம்பு உண்டா?" என்று நிறுவனத்தின் அறிமுகக் கூட்டத்திலேயே கேளுங்கள். பகுதி நேரப் படிப்புகளும் உண்டு.

விண்ணப்பம் அக்டோபரில் திறக்கும், படிப்பு அடுத்த செப்டம்பரில் தொடங்கும். இடம் நிரம்ப நிரம்பப் படிப்புகள் மூடப்படும். பிரைமரி, உடற்கல்வி, வரலாறு எல்லாம் வேகமாக நிரம்பிவிடும். கணிதத்துக்கு ஆள் தேவை அதிகம், வசந்த காலத்திலும் பெரும்பாலும் இடம் இருக்கும். அதனால் பள்ளிக்குப் போய்ப் பார்க்காமல் அக்டோபரிலேயே அவசரமாக அனுப்புவதைவிட, பார்த்துவிட்டு ஜனவரியில் அனுப்புவது உங்கள் பாடத்தில் நல்லது. பிரைமரியில் இயர் 4 பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்புகிறவருக்கு இந்த ஆலோசனையைச் சொல்ல மாட்டேன்.

நேர்காணல் பாதி நாள் போகலாம். நேரிலும் நடக்கும், ஆன்லைனிலும் நடக்கும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு சின்னப் பாடம் எடுக்கச் சொல்வார்கள், சில இடத்தில் உண்மையான மாணவர்களுக்கே. நம் ஊரில் நன்றாகப் படித்தவர்கள் இங்கே செய்வது என்னவென்றால், போர்டு நிறைய எழுதி, தெளிவாக விளக்கி, நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். விளக்கம் பிரமாதமாகவே இருக்கும். ஆனால் பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு கருத்தை எடுங்கள். மினி வைட்போர்டு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மூன்றாவது நிமிடத்திலேயே எல்லாரையும் ஏதாவது எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் தவறாகக் காட்டினால் திட்டத்தை விட்டுவிட்டு அந்தத் தவறைப் பேசுங்கள். பாடம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை. "பாடம் எப்படிப் போனது?" என்று பிறகு கேட்பார்கள். நன்றாகப் போனது என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். யாருக்குப் புரிந்தது, யாருக்கு இன்னும் புரியவில்லை, மறுபடி எடுத்தால் எதை மாற்றுவீர்கள் என்று சொல்லுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி நிச்சயம் ஒரு கேள்வி வரும். ஒரு மாணவன் வந்து, "மிஸ், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது" என்கிறான். என்ன செய்வீர்கள்? "சரி, சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அவனுடைய பெற்றோரை நீங்களே கூப்பிட்டுப் பேசவும் கூடாது. ரகசியம் காப்பேன் என்று சொல்ல முடியாது என்பதை அவனிடம் அன்பாகச் சொல்லிவிட்டு, குறுக்குக் கேள்வி போடாமல் கேட்டு, அவன் சொன்ன வார்த்தைகளிலேயே குறித்து, பள்ளியில் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரியிடம் உடனே தெரிவிக்க வேண்டும். இதற்கான அரசாங்க வழிகாட்டி ‘கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எஜுகேஷன்’, அதன் முதல் பகுதியை நேர்காணலுக்கு முன் படித்துவிடுங்கள்.

பணம். ஐஎல்ஆர் இருந்து, இங்கே மூன்று ஆண்டுகள் வசித்திருந்தால் உள்நாட்டு மாணவர் கட்டணம்தான். 2025-26-இல் அதன் உச்சவரம்பு 9,535 பவுண்டு, கல்விக் கடனிலேயே கட்டிவிடலாம், வாழ்க்கைச் செலவுக் கடனும் உண்டு. கணிதத்துக்கு அதே ஆண்டில் 29,000 பவுண்டு பர்சரி, அதாவது பயிற்சி உதவித்தொகை, தந்தார்கள். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, வரியும் இல்லை. அதற்கு 2:2 (இரண்டாம் வகுப்பின் கீழ்ப் பிரிவு) அல்லது அதற்கு மேலான பட்டம் வேண்டும். யூகே எனிக் சான்று பட்டத்தின் நிலையைச் சொல்லுமே தவிர, உங்கள் மதிப்பெண் 2:2-க்குச் சமமா என்பதை முடிவு செய்வது பயிற்சி நிறுவனம். அதையும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பர்சரிக்குப் பதிலாக 31,000 பவுண்டு ஸ்காலர்ஷிப்பும் இருந்தது, அதற்குத் தனியாக விண்ணப்பித்துப் போட்டியிட வேண்டும். தொகைகள் ஆண்டுதோறும் மாறும், நீங்கள் சேரும் ஆண்டின் தொகையைத் தளத்தில் பாருங்கள். முழு நேரம் படிக்கும் பெற்றோருக்குக் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு, குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. பலர் கேட்காமலே விட்டுவிடுவது இதைத்தான். கணவர் அல்லது மனைவியின் வேலை விசாவில் சார்ந்திருப்பவராக இருக்கும் வாசகர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குப் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணம், கடனும் கிடைக்காது. ஐஎல்ஆர் வர ஓரிரு ஆண்டுதான் இருக்கிறது என்றால், அதுவரை டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை பார்ப்பது நல்ல வழி. சம்பளமும் வரும், வகுப்பறையும் பழகும்.

இடம் கொடுக்கிறோம் என்று நிறுவனம் சொல்லி, நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் பரிந்துரையாளர்களைத் தொடர்புகொள்வார்கள். தமிழ்ப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவராக இருக்கலாம், அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அதன் பிறகு டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனை, உடல்நலப் படிவம். சமீப ஆண்டுகளில் நீண்ட காலம் இந்தியாவில் போய்த் தங்கியிருந்தால் அங்கிருந்து காவல்துறைச் சான்றும் கேட்கலாம். அது கைக்கு வர நாளாகும், கேட்ட அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஒரு நிறுவனம் மறுத்துவிட்டால், அதற்குப் பதிலாக வேறொன்றுக்கு விண்ணப்பிக்கலாம். காரணத்தை எழுதி அனுப்புவார்கள். "பள்ளி அனுபவம் போதவில்லை" என்று இருந்தால் மனம் தளர வேண்டாம், இரண்டு வாரத்தில் சரிசெய்யக்கூடியது அது. "பாட அறிவு" என்று இருந்தால் எஸ்கேஇ பற்றிக் கேளுங்கள். காரணம் தெளிவாக இல்லையென்றால் தொலைபேசியில் கூப்பிட்டே கேட்கலாம், தவறாக நினைக்க மாட்டார்கள். பர்சனல் ஸ்டேட்மென்டை எழுதி முடித்துவிட்டு, யாரிடமாவது காட்ட வேண்டும் என்று தோன்றினால் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.